சுவருக்கு அப்பால் ஓர் இரைச்சல், சாலைக்கு அப்பால் ஒரு சந்தை

அயலாரை அன்பு செய்ய வேண்டும் என்று மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த அயலார் இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கர் பெட்டியை முழக்குகிறவராய் இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எவரும் விளக்கிக் கூறக் காணோம். ஆயினும் விவிலியம் இதை விட்டுவைக்கவில்லை. நீதிமொழிகள் 27ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனத்தை வாசகர்கள் எடுத்துப் பார்க்கலாம். விடிந்தும் விடியாத வேளையில் எழுந்து, பக்கத்து வீட்டானுக்கு உரத்த குரலில் ஆசி கூறும் ஒருவனைப் பற்றிய பேச்சு அது. அவன் கூறும் ஆசி, சாபக் கணக்கில்தான் சேருமாம். ஒலிபெருக்கி கனவிலும் தோன்றாத காலத்தில் இதை எழுதி வைத்தவர், உறக்கம் கெட்ட ஞானியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருப்பது ஒரு சுவரை இரு வீட்டார் பங்கிட்டுக்கொள்ளும் வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் வடசுவர் அடுத்த வீட்டாரின் தென்சுவர். அங்கே இருப்பது ஒரு கொத்தனார் குடும்பம். பகலெல்லாம் வெயிலில் சாரத்தின் மேல் நின்று உழைத்துவிட்டு வருகிறவருக்குப் பாட்டுக் கேட்பது ஒன்றே இன்பம். சென்ற ஆண்டு தவணை முறையில் ஆளுயரப் பெட்டி ஒன்றை வாங்கி, சரியாக எங்கள் சுவரோரமே நிறுத்திவிட்டார். சுவருக்கு இப்பால், அதே இடத்தில், என் தாயாரின் கட்டில். வயது எழுபத்தெட்டு, இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்கிறவர். அடுத்த அறையில், வரும் மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத இருக்கும் மகள். மூன்று மாதம் இரவுதோறும் இந்த இரு பெண்களும் கண் சிவந்து எழுந்ததைக் கண்டபோது, அயலன்பு பற்றிய மறையுரைகள் யாவும் எங்கோ தூரத்தில் போய் நின்றன.

இத்தகைய இரைச்சலில் ஒரு வேடிக்கை உண்டு. பாடுகிறவரின் குரலோ, பாட்டின் சொல்லோ, வீணையின் நாதமோ நமக்கு வருவதில்லை. 'தும் தும்' என்னும் இடி மட்டுமே வருகிறது. உயர்ந்த சுரங்களைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். தாழ்ந்த சுரங்களோ சுவரையும் தரையையுமே அதிரச் செய்து உள்ளே நுழைந்துவிடும். ஆதலால் கதவையும் பலகணியையும் அடைப்பதால் பயன் சிறிதே. கண்ணுக்கு இமை படைத்த இறைவன் காதுக்குப் படைக்கவில்லை. உறங்குகிறவரின் செவி உறங்குவதில்லை. விழிப்பு வராவிடினும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இதயத் துடிப்பு மாறுகிறது. நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் தொடர்ந்த ஓசை கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1999ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் வாளாயிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே அளவு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. தனியார் வீட்டு ஒலிக்கருவியாயின், அவ்வீட்டின் எல்லையில் அது இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சலாகாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெசிபல் கணக்கு நாம் அறிந்த கூட்டல் கணக்கு அன்று. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது.

அதே 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வழக்குக்கு உரியவர் சினிமாக் கொட்டகைக்காரர் அல்லர். சென்னையில் முரசும் ஒலிபெருக்கியும் கொண்டு வழிபட்டு வந்த ஒரு கிறிஸ்தவ சபையார். முறையிட்டவர்கள் அப்பகுதிக் குடியிருப்போர். பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் இறைவேண்டல் செய்ய வேண்டும் என்று எந்தச் சமயமும் கற்பிக்கவில்லை என நீதிமன்றம் கூறியது. அந்தச் சபை நம்முடையது அன்று என்று நாம் நழுவிவிட இயலாது. பங்குத் திருவிழாவின் பத்து நாளும் விடியற்காலை நான்கரைக்கே கூம்பு ஒலிபெருக்கியை மரத்தின் உச்சியில் கட்டிப் பாட்டுப் போடும் ஊர்கள் நமக்குத் தெரியாதவையல்ல. அந்த மரத்தடியிலும் யாரோ ஒரு நோயாளியின் கட்டில் இருக்கக்கூடும்.

ஆகவே சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. காவல் நிலையத்திற்கு ஒரு மனு எழுதினால் போதும் என்று நண்பர்கள் கூறினர். மனு எழுதலாம், பெட்டியும் நிற்கும். ஆனால் மறுநாள் காலையில் அந்த அம்மையாரின் முகத்தில் விழித்தாக வேண்டும். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தாக வேண்டும். சட்டம் ஓசையை நிறுத்தித் தரும். உறவை அது நிறுத்தி வைத்துத் தராது.

நிற்க. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை. ஒரு நாளேனும் இந்தச் சுவரை விட்டு வெளியே போவோம் என்று இல்லத்தரசி கூறவே, குடும்பத்தோடு அய்யலூர்ச் சந்தைக்குப் புறப்பட்டோம். திருச்சி செல்லும் சாலையில் வடமதுரையைக் கடந்தால் அய்யலூர். வியாழன்தோறும் அங்கே கூடும் சந்தை, ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பெயர் பெற்றது. விடியுமுன்பே சிற்றூர்களிலிருந்து ஆடுகளைப் பிடித்துக்கொண்டும், கோழிகளைக் கால் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டும் மக்கள் வந்து குவிந்துவிடுகிறார்கள். ஆடு வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தராசு கிடையாது. முதுகெலும்பைத் தடவி, இடுப்பைப் பிடித்து, சற்றே தூக்கிப் பார்த்து, இத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் படிக்கும் என் மகள் வாயைப் பிளந்து நின்றாள்.

அங்கே இருந்த இரைச்சலைச் சொல்லி முடியாது. ஆடு கத்துகிறது, சேவல் கூவுகிறது, தரகர் அதட்டுகிறார், வண்டி ஊதுகிறது, மருந்து விற்கிறவன் முழங்குகிறான். எங்கள் வீட்டுச் சுவரோசை இதன் முன் முனகலே. ஆனால் மூன்று மாதமாய் உறங்காத என் தாயார், ஒரு புளியமரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்தவர், அந்த ஆரவாரத்தின் நடுவே இரண்டு மணி நேரம் அயர்ந்து உறங்கினார்.

இது எப்படி? இதற்கு ஒரு விடை ஆராய்ச்சியாளரிடம் உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர், 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தங்கள் சோதனைகளை விவரித்தனர். எதிர்பாராத வேளையில் வெடிக்கும் பேரோசையைச் சிலரைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பகுதியாருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, இதை அழுத்தினால் ஓசை நிற்கும், ஆயினும் கூடுமானவரை அழுத்தாதிருங்கள் என்றார்கள். அழுத்தாமலேயே இருந்தவர்கள், பொத்தானே இல்லாதவர்களைவிடப் பின்னர்க் கொடுத்த வேலைகளைச் செம்மையாகவும் பொறுமையாகவும் செய்தார்கள். இருசாராரும் கேட்ட ஓசை ஒன்றே. நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு என்ற எண்ணமே பாதி நோயை ஆற்றிவிடுகிறது. எங்கள் சுவரில் அந்தப் பொத்தான் இல்லை. புளியமரத்தடியிலோ, வேண்டாம் என்றால் எழுந்து நான்கடி நடந்துவிடலாம்.

சந்தை முழுவதுமே இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடுதான். அங்கே ஒருவர் சொன்னதே முடிவு என்பது இல்லை. கேட்டால் பதில் உண்டு. மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற பெரிய மாட்டுச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கத்தை முதியவர்கள் அறிவார்கள். தரகரும் மாட்டுக்காரரும் ஒரு துண்டுக்கு அடியில் கையோடு கை சேர்த்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒரு சொல் வெளியே வராது. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். யார் எவ்வளவு இறங்கினார், எவ்வளவு ஏறினார் என்பது அவ்விருவருக்கே தெரியும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் முகம் காக்கும் இந்த நாகரிகத்தை வகுத்தவர்கள், பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டன்மாரே.

காய்கறிப் பகுதியில் அவரைக்காயைக் கூறு கட்டி வைத்திருந்த ஒரு மூதாட்டியிடம் இல்லத்தரசி அமர்ந்தாள்.

"கூறு இருபது ரூபா, தாயி. இன்னும் போணி ஆகலை. நீ பண்ணு."

"மூணு கூறு அம்பதுக்குக் குடு ஆத்தா."

"முதல் கையி, போகட்டும். எடுத்துக்க."

பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகவும் போட்டார். முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பத்து ரூபாய் நமக்கு வந்தது நம் சாமர்த்தியத்தால் அன்று, அவருடைய விருப்பத்தால்.

சந்தை கலையும் நேரத்துப் பேரம் வேறு வகை. ஊருக்குத் திரும்பும் பேருந்து வந்துவிடும். தக்காளி நாளைக்கு அழுகிவிடும். கொண்டுவந்த கூலியும், கட்டிய சந்தைச் சுங்கமும் ஏற்கெனவே கைவிட்டுப் போனவை. அப்போது விற்கிறவர் எந்த விலைக்கும் தலையசைப்பார். அதைத் தெரிந்துகொண்டே காத்திருந்து வாங்குகிறவர்களும் உண்டு. 1891ஆம் ஆண்டின் 'ரேரும் நோவாரும்' திருமடலில், திருத்தந்தை 13ஆம் லியோ என்னும் சிங்கராயர் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசுகையில், வேறு வழியின்றி அஞ்சி ஒருவன் ஏற்கும் ஒப்பந்தம் உண்மையில் வன்முறைக்கு இரையாவதே என்று உணர்த்தினார். கூலிக்குச் சொன்னது கூறுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. நீதிமொழிகள் நூலும் இந்த வாடிக்கையாளரை 20ஆம் அதிகாரத்தில் படம் பிடித்திருக்கிறது: சரக்கு மட்டம், மட்டம் என்று முகம் சுளித்து வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் தன் திறமையைத் தானே மெச்சிக்கொள்கிறவர். பேரமே வேண்டாம் என்கிறவர்களுக்கு 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இருக்கின்றன. பலகையில் எழுதிய விலை, உழவர்க்கே பணம். துணிக்கடையின் அச்சிட்ட விலைக்கு வாய் திறவாதவர்கள், கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வழக்காடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

தக்காளி அன்று மலிவு. சொன்ன விலைக்கே ஒரு பெட்டி வாங்கினோம். நான்கு பேருக்கு இவ்வளவா என்றேன். "பாதி வடக்கு வீட்டுக்கு" என்றாள் இல்லத்தரசி. வாங்கும்போதே தீர்மானித்திருக்கிறாள்.

அன்று மாலை கொத்தனார் திரும்புமுன், ஒரு பாத்திரம் நிறையத் தக்காளியோடு அவள் அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தாள். நான் எங்கள் வாசலிலேயே நின்றேன். இருவர் துண்டுக்கடியில் கை சேர்க்கையில் மூன்றாமவர்க்கு வேலை இல்லை. ஆயினும் காதில் விழுந்தது.

"தங்கச்சி, அத்தைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பிள்ளைக்கு மார்ச்சுல பரீட்சை. எட்டு மணிக்கு நிறுத்திக்கிட்டா நல்லாயிருக்கும்."

"அவரு வீட்டுக்கு வர்றதே ஏழரை ஆகுதுக்கா. அந்த மனுசனுக்கும் வேற என்ன இருக்கு? பத்து வரைக்குமாவது விடுங்க."

"எட்டரை."

"ஒன்பதரைக்கா."

ஒன்பதில் முடிந்தது. சனிக்கிழமை மட்டும் அரை மணி கொசுறு. பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றி, அடியில் மடித்த சாக்கு ஒன்றை வைக்கவும் சம்மதம் கிடைத்தது; தரைவழி வரும் அதிர்வை அது ஓரளவு வாங்கிக்கொள்கிறது. எதிர்விலையாக அந்த அம்மையார் கேட்டது ஒன்றே: ஆறாம் வகுப்பில் படிக்கும் தம் மகனுக்கு எங்கள் பெண் மாலையில் அரை மணி கணக்குச் சொல்லித் தர வேண்டும்.

தாயார் இப்போது ஒன்பதரைக்கெல்லாம் கண்ணயர்ந்துவிடுகிறார். பையன் மாலை ஆறு மணிக்குச் சிலேட்டோடு வந்துவிடுகிறான். வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். பின்னம் வரை வந்திருக்கிறது.