தட்டிப் பார்த்தால் தெரியுமா?

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ல். காவிரி விழும் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே மூன்று ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயம் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையை வைத்து இதயத்தின் மின்துடிப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இன்றைய இ.சி.ஜி.யின் பிறப்பு அதுதான்.

குவார்ட்ஸ் தங்கவயல்காரர்களுக்குப் புதிதல்ல. தங்கம் ஒளிந்திருந்தது அந்தப் பாறையில்தான். நெஞ்சை அரித்ததும் அதன் தூள்தான். 1940-களில் 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற, அந்தத் தூளால் நுரையீரல் இறுகும் நோய் இருந்தது. சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளில் இருக்கும் பெரியவர்களின் நுரையீரலில் படிந்த தூளுக்கு அந்த மூடல் பொருந்தாது.

நுரையீரல் இறுகினால் இதயத்தின் வலப்பக்கம் அதிக அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டும். மேலறை விரியும். அப்படிப்பட்ட மேலறையில் எளிதாகக் கிளம்பும் கோளாறு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைத் தசை நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை தாறுமாறாக நடுங்கும். அதனால் ரத்தம் தேங்கி உறையும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்கு.

யாருக்கு இது வரும் என்று மின்சாரத்தாலேயே தட்டிப் பார்க்க முடியுமா? தட்டிப் பார்க்கலாம், ஆனால் பதில் உறுதியல்ல. தொடை இடுக்கை மரத்துப்போகச் செய்து, சிரை வழியாக மெல்லிய ஒயரை வலது மேலறைக்குள் ஏற்றுவார்கள். அதன் நுனி 600 மில்லி செகண்டுக்கு ஒன்றாக எட்டு முறை தட்டும். ஒன்பதாவது தட்டு முந்திக்கொண்டு விழும். முதலில் 400-ல், பிறகு 390, 380 என்று பத்துப் பத்தாகக் குறைப்பார்கள். ஒரு கட்டத்தில் மேலறை பதில் சொல்லாது. துடித்து முடித்த தசைக்கு இன்னும் ஓய்வு தீரவில்லை என்று அர்த்தம். இந்த ஓய்வு எவ்வளவு குறுகியதோ, மின்னலைகள் அங்கேயே சுற்றிச் சுழல அவ்வளவு வசதி. அடுத்தபடியாகச் சில விநாடிகள் படபடவென்று விடாமல் தட்டுவார்கள். திரையில் ஒழுங்காக வந்த முனைகள் கலைந்து நெளிகோடானால், கோளாறு கிளம்பிவிட்டது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சி. இப்படிக் கணக்கிட்டுத் தட்டும் முறை ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டூரர் குழுவினர் கையில் 1967-ல் உருப்பெற்றது.

சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உறுதி, பொத்தென்றால் பெயரப்போகிறது. இதயம் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. வேகமாகத் தட்டினால் நல்ல மேலறையும் நடுங்கும். அதனால், சோதனையில் நடுங்கியவருக்கு நாளை நோய் வரும் என்று எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்க மாட்டார்.

தட்டுவதே மேலறையை மாற்றிவிடும் என்பது இன்னொரு சங்கதி. 1995-ல் மாஸ்ட்ரிக்டில் அலெஸ்ஸி குழுவினர் ஆடுகளுக்குக் கருவி பொருத்தி, நடுக்கம் நின்றபோதெல்லாம் மறுபடி கிளப்பிவிட்டார்கள். முதலில் சில விநாடிகளில் அடங்கிய நடுக்கம், ஓரிரு வாரங்களில் பெரும்பாலான ஆடுகளில் நாள் கணக்கில் நீடித்தது. தசையின் ஓய்வு நேரம் சுருங்கிப்போயிருந்தது. ஆட்டுக்கு வாயிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ!

ஆக, இந்தச் சோதனைக்குச் சரியான இடம் ஆய்வுக்கூடமும் அப்லேஷன் அறையும்தான். கோளாறைக் கிளப்பும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து வருகின்றன என்று 1998-ல் போர்தோவின் மிஷேல் ஹைசகேர் காட்டியதிலிருந்து, அந்தச் சிரைகளின் வாய்களைச் சுற்றிச் சுட்டு, பொறிகள் மேலறைக்குள் வராமல் தடுக்கிறார்கள்; இதுதான் அப்லேஷன். அப்படித் தடுத்த பிறகும் நடுக்கம் கிளம்புகிறதா என்று சில மருத்துவர்கள் தட்டிப் பார்ப்பதுண்டு.

மூச்சு வாங்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியை இதற்காகப் பெங்களூருக்கு பஸ் ஏற்றுவது வீண் வேலை. மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி பிடித்தாலே தாறுமாறு தட்டுப்படும்; ஓர் இ.சி.ஜி. அதை உறுதிசெய்யும். வந்து வந்து போகும் ரகமாக இருந்தால் அந்தச் சில விநாடிப் பதிவில் சிக்காது. துடிப்பை விடாமல் பதியும் ஹோல்டர் கருவியை நெஞ்சில் ஒட்டி 24 மணி நேரமாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.