இழைக்குள் இறங்கும் வண்ணம்

நகைக்கடை, கைப்பேசி ஷோரூம், வங்கிக் கிளை, விமான நிலையக் காத்திருப்புக் கூடம் ஆகிய இடங்களில் சுவரை நிறைத்து நிற்கும் பெரிய விளம்பரப் படங்கள் பல இப்போது துணியில் அச்சிடப்படுகின்றன. எட்ட நின்று பார்த்தால் பின்னால் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை போலத் தோன்றும். கிட்டப் போய் விரலால் அழுத்தினால் அமிழ்ந்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். அது அலுமினியச் சட்டத்தில் இழுத்துப் பொருத்திய பாலியஸ்டர் துணி.

பருத்தியை விட்டுவிட்டு பாலியஸ்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய இந்த இழை தண்ணீரை அண்டவிடாது. பருத்தியைப் பற்றிக்கொள்ளும் சாயங்கள் இதில் ஒட்டுவதில்லை. இதற்கென்றே தனிச் சாய வகை ஒன்று உண்டு. நீரில் ஏறக்குறைய கரையாத, சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட ‘டிஸ்பர்ஸ்’ சாயங்கள் அவை. அவற்றில் சிலவற்றுக்குக் கற்பூரத்தின் குணம் இருக்கிறது. சூடுபடுத்தினால் உருகித் திரவமாகாமல் நேரே ஆவியாகிவிடும். பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று படிப்பது இதைத்தான்.

பிரான்சின் ரூபே நகரத்துக் கம்பளி ஆலை ஒன்றுக்காகப் பணியாற்றிய நோயல் டி பிளாஸ், 1957-இல் இந்தக் குணத்தை அச்சுக்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, காகிதத்தைத் துணிமேல் வைத்துச் சூடாக்கினால் சாயம் துணிக்கு இடம் மாறிவிடும். 1970-களில் பாலியஸ்டர் உடைகளில் பூவேலை அச்சிட இம்முறை பரவலாகப் பயன்பட்டது. கணினியும் இன்க்ஜெட் அச்சுத்தலையும் வந்து சேர்ந்த பிறகு, ஒரே ஒரு படத்தைக்கூடக் கட்டுப்படியாகும் செலவில் அச்சிட முடிந்தது. விளையாட்டு ஜெர்சிகளில் வண்ணமும் எண்ணும் பதிக்கத் திருப்பூரில் கையாளப்படும் முறையும் இதுவே.

வேலை நடக்கும் விதம் இது. சாயத்துகள் கலந்த நீர் மையால், படம் இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாகக் காகிதத்தில் அச்சாகிறது. அப்போது நிறங்கள் மங்கி, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். காகிதமும் துணியும் ஒட்டியபடியே சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூடுள்ள உருளையைச் சுற்றி ஏறத்தாழ ஒரு நிமிடம் பயணிக்கின்றன. 70, 80 டிகிரியைத் தாண்டியதுமே பாலியஸ்டரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இறுக்கம் தளர்ந்து அசையத் தொடங்கிவிடுகின்றன. ஆவியான சாயம் அந்த இடுக்குகளில் நுழைகிறது. ஆறியதும் சங்கிலிகள் மறுபடி இறுகிவிடுவதால் சாயம் உள்ளேயே அடைபட்டுப் போகிறது. காகிதத்தை உரித்தால் அடியில் பளிச்சென்ற படம் இருக்கும்.

துணிப் படத்தின் சிறப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்விலிருந்து பிறப்பவை. ஃப்ளெக்ஸ் பேனரில் பி.வி.சி. பூச்சின் மேல் மை ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். மடித்தால் மடிப்பில் வெடிக்கும், உரசினால் கீறல் விழும். துணியில் அப்படிப் படலம் எதுவும் இல்லை. இழையே நிறம் மாறியிருக்கிறது. அதனால் மடித்துப் பெட்டியில் அனுப்பலாம், அழுக்கானால் துவைக்கலாம். சுருக்கத்தை நீராவி எடுத்துவிடும். கரைப்பான் மையின் நெடி குளிரூட்டிய அறைக்குள் தங்குவதும் இல்லை.

அதே காரணத்தால் சில வரம்புகளும் வருகின்றன. சாயம் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது என்பதால் வெள்ளை நிறத்தை அச்சிட வழியில்லை; துணியின் வெண்மைதான் படத்தின் வெண்மை. கறுப்பு பல சாயங்களின் கலவை. சூடு போதாவிட்டால் அவை சரிசமமாக இடம் மாறாமல் கறுப்பு பழுப்படித்துவிடும். தன் சின்னத்தின் சிவப்பு எல்லாக் கிளைகளிலும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் நிறுவனத்துக்கு, உருளையின் வெப்பநிலையும் மையைப் போலவே முக்கியம்.

துணியைச் சுவரில் நிமிர்ந்து நிற்க வைப்பது ஒரு சிறிய சிலிகோன் பட்டை. பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இந்தப் பட்டையைத் துணியின் நான்கு ஓரங்களிலும் தைத்துவிடுவார்கள். சட்டத்தின் விளிம்பில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். முதலில் நான்கு மூலைகளையும், பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும், கடைசியில் மிச்சத்தையும் விரலாலேயே அழுத்தி இறக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து வரிசையாகப் போனால் துணி ஒரு பக்கம் குவிந்து மடிப்பு விழும். நெய்த துணியைவிட நன்றாக நெகிழும் பின்னல் துணியைச் சட்டத்தைவிடச் சற்றே குறைந்த அளவில் வெட்டுவார்கள். அந்தக் குறைதான் அதை முரசுத் தோல்போல விறைப்பாக்குகிறது. உருளையின் சூட்டில் துணி சுருங்கும் என்பதால் அளவைக் கணிப்பது நுணுக்கமான வேலை. நீளவாக்கில் சுருங்கும் அளவும் அகலவாக்கில் சுருங்கும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அனுபவமுள்ள அச்சகங்கள் முதலில் ஒரு துண்டை ஓட்டி அளந்து பார்த்த பிறகே பெரிய படத்தைத் தொடுகின்றன.

பளபளப்பான பலகை எதிரே உள்ள விளக்கைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும். துணியின் உருண்டை இழைகள் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் எந்தக் கோணத்திலிருந்தும் கண் கூசாமல் படம் தெரியும். பின்னாலிருந்து எல்இடி விளக்கு எரியும் பெட்டியிலும் இந்தச் சிதறல் கைகொடுக்கிறது. விளக்குகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியாமல் வெளிச்சம் பரவிவிடும். ஆனால் ஒளிப்பெட்டிக்கான படத்தில் சாயத்தைக் கூடுதலாக ஏற்ற வேண்டும். முன்பக்கத்திலிருந்து வரும் ஒளி சாயத்துக்குள் போய்த் திரும்பும்போது அதை இருமுறை கடக்கிறது. பின்னாலிருந்து வரும் ஒளி ஒரே முறைதான் கடக்கிறது. சாதாரண அச்சை அப்படியே பெட்டியில் மாட்டினால் சோகை பிடித்தாற்போல் வெளிறித் தெரிவது இதனால்தான்.

பின்னல் கண்ணிகளும், ஆவி பக்கவாட்டில் சற்றே பரவுவதும் பொடி எழுத்துகளைக் கலங்கலாக்கும். ஆனால் நல்ல கண் பார்வை பிரித்தறிவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 3 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். கண்ணிகள் அதைவிடச் சிறியவை என்பதால் சுவரளவுப் படத்தில் இக்குறை தெரியாது. விலைப்பட்டியல் போலக் கிட்ட நின்று படிக்க வேண்டியவற்றுக்குத் துணி ஏற்றதல்ல.

நிலைமின்சாரத்தால் பாலியஸ்டர் தூசியை இழுக்கும். நேர் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். கட்டடத்துக்கு உள்ளே இது அதிகம் விரும்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது தீ. பாலியஸ்டர் சுமார் 250 முதல் 260 டிகிரியில் உருகிச் சொட்டும். கூட்டம் கூடும் அரங்கில் தலைக்கு மேல் தொங்கும் துணியைப் பற்றி அலட்சியமாக இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 701, ஜெர்மனியின் பி1 போன்ற சோதனைகளில் தேறிய துணியைக் கேட்டு வாங்குவதே முறை. தீத்தடுப்பு மருந்தைத் துணியின் மேல் பூசினால், அது துவைக்கத் துவைக்கக் குறையக்கூடும். பாஸ்பரஸ் சேர்மத்தை இழையின் மூலக்கூறிலேயே கோத்து நூற்கும் டிரெவிரா சிஎஸ் போன்ற வகைகளில், சாயத்தைப் போலவே தீத்தடுப்பும் இழைக்குள் இருப்பதால் துவைத்தாலும் போவதில்லை.

புதிய விளம்பரம் வந்தால் சட்டமும் விளக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாடாவைப் பிடித்து இழுத்துப் பழைய துணியை உருவிவிட்டுப் புதியதை அழுத்துவார்கள். கழற்றிய துணியை மறுசுழற்சிக்கு அனுப்புவதாக இருந்தால், ஓரத்துச் சிலிகோன் பட்டையை முதலில் வெட்டி நீக்க வேண்டும். இழைக்குள் இறங்கிவிட்ட சாயத்தைப் பிரித்தெடுப்பது அதைவிடக் கடினம்.