இலைக்கு ஏறிய தண்ணீர்

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அல்லைப்பிட்டி. மணல் நிலம். மழை தந்த நன்னீர் அங்கே நிலத்தடி உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கண்டபடி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். அவ்வளவு அருமையான தண்ணீரை ஊற்றி வளர்த்த பூசணிக்கொடியில் காயை மட்டும் எடுத்துக்கொண்டு, இலையையும் பூவையும் குப்பையில் போடுவது பெரிய நட்டம்.

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பங்கு இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாகிறது. நீரோடு ஏறிவந்த கல்சியம் இலையிலேயே தங்கிவிடும். இலை தயாரிக்கும் சர்க்கரை காய்க்குப் போகும்; கல்சியம் அப்படி இடம் மாறுவதில்லை. முருங்கையில் இது பளிச்சென்று தெரியும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்காயில் கல்சியம் 30 மில்லிகிராம். அதே அளவு இலையில் 440.

பூசணிப் பூவைக் காலையில் பாருங்கள். இதழுக்குக் கீழே குட்டிக்காய் இருந்தால் பெண்பூ. வெறும் மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. கொடியில் ஆண்பூக்களே அதிகம். தேனீ வந்துபோன பிறகு, நாலைந்தை விட்டு மற்ற ஆண்பூக்களைப் பறித்தால் காய்ப்புக் குறையாது. இலையில் தளிரே நல்லது. காம்பின் நாரை உரித்துப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்யலாம். கீரையிலுள்ள கரோட்டினை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும்; அதைத் தேங்காய்ப்பூ தருகிறது. வற்றாளைத் தளிரும் பீட்ரூட் இலையும் இதே பக்குவத்துக்கு வரும். ஆனால் பீட்ரூட் இலையில் ஒக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

எல்லா இலையும் கறிக்கு ஆகாது. உருளைக்கிழங்கு இலையில் நச்சு அல்கலோயிட்டுகள் உண்டு, தொடவே வேண்டாம். மரவள்ளி இலை சயனைட்டை வெளிவிடும். அதை உண்ணும் நாடுகளில் நன்றாக இடித்து, நீண்டநேரம் அவித்தே சமைக்கிறார்கள். பழக்கமில்லாத வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அடித்தால் அது முதலில் படிவது இலையில்தான். கறிக்கு இலை பறிக்க எண்ணும் கொடிக்கு மருந்து அடிக்காதீர்கள். சந்தையில் வாங்கும் இலையென்றால், எந்தத் தோட்டத்தது, எப்போது மருந்து அடித்தது என்று கேட்டு வாங்குங்கள்.