சாட்சியாக ஒரு கமரா: மோட்டார் சைக்கிளில் எதை, எப்படிப் பதிவது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று ஊடாகப் பொத்துவிலுக்குச் செல்லும் ஏ4 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஆபத்து பல வடிவில் வரும். மஃரிப் நேரத்து மங்கலில் வீதி நடுவே படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம், அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல், ஒழுங்கையிலிருந்து பார்க்காமல் ஏறும் முச்சக்கரவண்டி. விபத்து நடந்ததும் ஆட்கள் கூடிவிடுவார்கள். "தம்பிதான் வேகமா வந்தவர்" என்பார் ஒருவர். "இல்ல காக்கா, ஓட்டோக்காரர்தான் சிக்னல் போடல்ல" என்பார் இன்னொருவர். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதப்படும் நேரத்தில் இருவருமே அங்கே இருக்கமாட்டார்கள்.

சாட்சி இல்லாமல் போவதன் விலை இந்த வீதிக்கு நன்றாகத் தெரியும். 1990 ஜூலையில் இதே வீதியில் காத்தான்குடிக்குப் பயணித்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் கல்முனையிலும் வீரமுனையிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கே, எப்போது, யார் என்ற கேள்விகளோடு குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு கமரா அதையெல்லாம் தடுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பதிவு இல்லாதவரின் பேச்சு எவ்வளவு எளிதாக மறுக்கப்படும் என்பதை நமக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

'அக்‌ஷன் கமரா' எனப்படும் சிறிய கமராக்களைப் பலர் யூடியூப்புக்காகவே பொருத்துகிறார்கள். அதன் பிறப்பும் விளையாட்டுக்காகத்தான். கோப்ரோ நிறுவனம் 2004இல் விற்ற முதல் கமரா, அறுகம்பையில் நாம் காண்பது போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் கையில் கட்டிக்கொள்வதற்காகப் படச்சுருளில் செய்யப்பட்டது. அழகான காணொளிக்கு வேண்டிய அமைப்பும் நம்பத்தகுந்த சாட்சிக்கு வேண்டிய அமைப்பும் ஒன்றல்ல. இங்கே இரண்டாவதைப் பார்ப்போம்.

எங்கே பொருத்துவது?

முழுமுகத் தலைக்கவசம் அணிபவருக்கு நாடிப்பகுதி நல்ல இடம். நீங்கள் பார்க்கும் திசையையே கமராவும் பார்க்கும். என்ஜினின் அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்வதால் படமும் குலுங்காது. ஆனால் தலைக்கவசத்தில் துளையிட்டுத் திருகாணி பூட்டவே கூடாது. அது கவசத்தைப் பலவீனமாக்கும். ஒட்டும் தகடு போதும். பலமாக அடிபட்டால் கமரா கழன்று விழுவதே தலைக்குப் பாதுகாப்பு.

திறந்த கவசம் அணிபவர் நெஞ்சுப்பட்டியிலோ கைப்பிடித் தண்டிலோ பொருத்தலாம். நெஞ்சில் இருந்தால் பிரேக்கைப் பிடித்ததும் சிக்னல் போட்டதும் தெரியும். கைப்பிடியில் இருந்தால் வேகமானி தெரியும், ஆனால் அதிர்வு அதிகம். இடையில் றப்பர் வைத்த தாங்கி தேவை. பின்னாலிருந்து மோதப்படுவதைப் பதிய வேண்டுமென்றால், முன்னும் பின்னும் நிரந்தரமாகப் பூட்டி, சாவி போட்டதும் தானாக இயங்கும் மோட்டார் சைக்கிள் 'டாஷ்காம்' பொருத்தமானது.

கையில் இருக்கும் நல்ல போனையே கைப்பிடியில் பூட்டலாமே என்று தோன்றும். மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு நீண்டகாலத்தில் ஐபோன் கமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைப் பழுதாக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் எச்சரித்தது. அதே வகைப் பாகம் உள்ள மற்றப் போன்களுக்கும் இது பொருந்தும்.

பள்ளிவாசல் வரைக்கும்தானே என்று கவசத்தைக் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு போகிறவருக்கு எந்தக் கமராவாலும் பயன் இல்லை. கமரா விபத்தைப் பதியும், தலையைக் காக்காது.

அமைப்புகள்

4கே தேவையில்லை. 1080 தரத்தில் பதிந்தால் கமரா குறைவாகச் சூடாகும், கார்ட் நீண்ட நேரம் தாங்கும். செக்கனுக்கு 30 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு சுமார் 13.5 ஜிபி வரும். 128 ஜிபி கார்ட் ஏறத்தாழ 9 மணித்தியாலம் போதும். 60 மெகாபிட்டில் பதியும் 4கே என்றால் அதில் பாதி நேரம்தான். தொடர்ந்து எழுதி அழிப்பதற்கென்றே விற்கப்படும் நீடித்துழைக்கும் கார்ட்டை வாங்குங்கள்.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே கமராவில் 50 ஹேர்ட்ஸ் அமைப்பைத் தெரிவுசெய்து, செக்கனுக்கு 25 அல்லது 50 படங்கள் வைத்தால் வீதி விளக்கின் கீழ் படம் மினுங்காது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடுகிறது. 25 படங்கள் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 56 சென்ரிமீற்றர். 50 என்றால் 28. வாகன இலக்கத்தகட்டை வாசிக்க 50 உதவும்.

மிக அகலமான கோணத்தைத் தவிர்க்கவும். அதில் முன்னால் வரும் வாகனம் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். நடுக்கம் நீக்கும் வசதியையும் குறைத்து வையுங்கள். அது படத்தின் ஓரங்களை வெட்டும். மோதலின் உலுக்கலையும் மறைத்துவிடும்.

மின்சாரம், வெயில், உப்பு

கமராவின் பற்றரியை மட்டும் நம்ப முடியாது. வண்டியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் யூஎஸ்பி கருவியைச் சிறிய ஃபியூஸோடு, சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரில் இணைக்கச் சொல்லுங்கள். நேரே பற்றரியில் இணைத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். நண்பகல் வெயிலில் ஓடாமல் நிற்கும் வண்டியில் கமராவை விட்டுவிடாதீர்கள். சூட்டில் தானாகவே நின்றுவிடும். கடற்காற்றின் உப்பு வில்லையில் படிந்தால் இரவில் எதிர்வரும் வெளிச்சம் முழுப்படத்தையும் வெளுக்கச் செய்யும். நன்னீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். திருகாணிகளில் துரு இருக்கிறதா என்றும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

இடமும் வேகமும்

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஜீ.பி.எஸ் புதிதல்ல. அதே வசதி சில கமராக்களுக்குள்ளும் உண்டு. எங்கே, எந்த வேகத்தில், எந்தத் திசையில் என்பது காணொளிக் கோப்பிலேயே பதியும். பழைய கமரா வாங்குகிறவர் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். கோப்ரோவில் 2016இன் ஹீரோ 5இல் ஜீ.பி.எஸ் வந்தது, 2023இன் ஹீரோ 12இல் நீக்கப்பட்டது, 2024இன் ஹீரோ 13இல் திரும்பி வந்தது. இல்லாத கமரா என்றால், பயணத் தடத்தைப் பதியும் செயலி ஒன்றைப் போனில் இயக்கிச் சட்டைப்பையில் வைக்கலாம்.

செக்கனுக்கு ஒருமுறை மட்டும் பதியும் கருவி 50 கிலோமீற்றர் வேகத்தில் 14 மீற்றருக்கு ஒரு புள்ளிதான் தரும். ஒரு சந்தி விபத்து அதற்குள்ளேயே முடிந்துவிடும். செக்கனுக்கு 10 முறை என்றால் 1.4 மீற்றருக்கு ஒரு புள்ளி. ஆனாலும் ஜீ.பி.எஸ் சில மீற்றர் பிசகும். எந்த ஒழுங்கையில் நின்றீர்கள் என்பதை அது சொல்லும், வெள்ளைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைக் காணொளிதான் சொல்ல வேண்டும்.

நேரம்: சிறிய பிழை, பெரிய சிக்கல்

ஜீ.பி.எஸ் தடக்கோப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கும். மாலை 5.30க்கு நடந்த விபத்து அதில் நண்பகல் 12.00 என்று காட்டும். 5 மணி 30 நிமிடத்தைக் கூட்ட வேண்டும் என்பது தெரியாவிட்டால் உங்கள் சாட்சியமே உங்களைப் பொய்யராக்கும். 1996 முதல் 2006 வரை அரசாங்கத்துக்கு ஒரு நேரமும் புலிகளின் பகுதிக்கு இன்னொரு நேரமும் இருந்ததைப் பார்த்த தலைமுறைக்கு இந்தக் குழப்பம் புரியும். கமராவின் பற்றரி தீர்ந்தால் அதன் மணிக்கூடும் பிந்தலாம். அதற்கு எளிய வழி, புறப்படும்போது போனில் தெரியும் நேரத்தைச் சில செக்கன் கமராவுக்குக் காட்டுவது.

விபத்து நடந்தால்

முதலில் வண்டியை நிறுத்தி, காயப்பட்டவரைக் கவனித்து, பொலிஸுக்கு அறிவியுங்கள். அடுத்ததாகக் கமராவை முறையாக நிறுத்தி, கார்ட்டைக் கழற்றுங்கள். சுழற்சி முறையில் பதியும் கமராவைத் தொடர்ந்து ஓடவிட்டால் பழைய கோப்புகளின் மேல் புதியது எழுதப்படும். மோதலில் மின் அறுந்து கடைசிக் கோப்பு திறக்காமல் போகலாம். 'ஃபோர்மட் செய்யவா' என்று கருவி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கோப்பை அப்படியே இரண்டு பிரதி எடுத்து, மூலக் கார்ட்டை உறையில் இட்டுத் திகதி எழுதி வையுங்கள். வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளிருக்கும் தரவுகள் போய்விடும். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். வெட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, அம்புக்குறி போடுவது எதுவும் மூலத்தில் கூடாது.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, சம்பவம் நடக்கும்போதே பதியப்பட்ட ஒலி, ஒளிப் பதிவை நீதிமன்றம் ஏற்கலாம். பதிவு மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அதை முன்வைக்கப்போவதை விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் அறிவிக்கவும் வேண்டும். எனவே வழக்கு என்று வந்தால் பதிவு இருப்பதைச் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கமரா ஒருபக்கச் சாட்சி அல்ல. நகரப் பகுதிக்குள் 50 என்ற எல்லையை நீங்கள் மீறியிருந்தால் அதையும் அது சொல்லும்.

பதியக்கூடாதவை

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கும் சாய்ந்தமருது சம்பவத்துக்கும் பிறகு இந்தக் கரையில் சோதனைகளும் சந்தேகமும் எப்படி இருந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். முகாம்கள், சோதனைச் சாவடிகள் அருகே கமராவை நிறுத்திவிடுவது நல்லது. பொலிஸார் மறித்தால் கமரா ஓடுகிறதா என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீதியில் காயப்பட்டுக் கிடப்பவரின் முகத்தையோ ஆடை குலைந்த பெண்ணையோ முகநூலில் போட எவருக்கும் உரிமை இல்லை. அந்த மனிதருக்கும் ஒரு வீடு இருக்கிறது; செய்தி அங்கே போய்ச் சேரும் முன் காணொளி போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. உங்கள் அன்றாடப் பயணத் தடத்தையும் பொதுவில் பகிராதீர்கள்; வீடு எங்கே, எப்போது ஆளில்லை என்பதை அது ஊருக்கே சொல்லும்.

எதுவும் நடக்காத நாட்களின் பதிவு தானாக அழிந்துபோகட்டும். தேவைப்படும் அந்த ஒரு நாளில் நேரம் சரியாக இருந்து, கார்ட் ஓடிக்கொண்டிருந்து, மூலக் கோப்பில் யாரும் கைவைக்காமல் இருந்தால் போதும்.