வள்ளுவரும் கணினியும்

திருவள்ளுவரை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். எனினும், அறிதல் வேறு; பழகுதல் வேறு. பள்ளியில் ஒரு சில குறள்களை மனனம் செய்து, கல்லூரியில் தேர்வுக்குரிய குறிப்புரையைப் படித்து, வினாத்தாளுக்கு விடையெழுதி முடித்தவுடன் நம்மிற் பலர்க்கும் அப்புலவரோடுள்ள தொடர்பு அற்றுவிடுகின்றது. நூலுக்கும் நமக்கும் இடையே குறிப்புரை ஒரு சுவராய் நிற்கின்றது. இந்நாளில் அச்சுவரின்மேல் மற்றொரு சுவரும் எழுந்துளது. வினவிய மாத்திரத்தே ஒரு குறளின் கருத்தை நான்கு வரிகளிற் சுருக்கித் தரும் கணினியே அது. இந்நிலையில் கணினியைக் கொண்டே வள்ளுவரை அணுகலாம் என்பது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் அது கூடும் என்பதையும், எவ்வாறு கூடும் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலைப் பயிலப் புதிய கருவியைக் கைக்கொள்ளுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. முன்னாளில் சொற்பொருளை அறிய விரும்பியோர் செய்யுளால் இயன்ற நிகண்டுகளை நெட்டுருச் செய்தனர். வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். அதன்பின் மனனம் செய்யாதாரும் வேண்டிய சொல்லை வேண்டியபொழுது தேடிக் காணுதல் எளிதாயிற்று. விவிலியத்தைப் பயில்வார்க்கு அலெக்சாண்டர் குரூடன் என்பார் 1737-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட சொல்லடைவும் இத்தகையதே. ஒரு சொல் திருமறையில் எவ்வெவ்விடங்களில் வந்துளது என்பதை அது நிரல்படக் காட்டும். அவ்வெல்லா இடங்களையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே அச்சொல்லின் ஆழம் புலப்படும்.

இப்பணியில் பொறியை முதன்முதல் புகுத்தியோருள் தலைசிறந்தவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய ரொபர்த்தோ பூசா (1913–2011) ஆவர். அவர் புனித தோமா அக்குவீனாரின் நூல்களில் 'உடனிருத்தல்' என்னும் கருத்தை ஆராயப் புகுந்தார். அக்கருத்து பெரிய சொற்களில் அன்றி, 'உள்' எனப் பொருள்படும் 'இன்' என்ற சிறிய இலத்தீன் இடைச்சொல்லில் அடங்கிக் கிடத்தலைக் கண்டு, அச்சொல் வரும் தொடர்களைப் பதினாயிரம் சீட்டுகளில் தம் கையாலேயே எழுதினார். பின்னர், 1949-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு உதவி பெற்றார். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தொடங்கிய அவ்வேலை, 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. பொறி விரைந்து இயங்குவதாயினும், எச்சொல் எவ்வேரினின்று பிறந்தது என்பதை மனிதரே துணிந்து உரைக்க வேண்டியிருந்தது. ஆகவே அப்பணி முற்றுப்பெற முப்பது ஆண்டுகட்கு மேலாயிற்று.

இனி, திருக்குறளுக்கு வருவோம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தார் தம் முதல் வெளியீடாகத் திருக்குறளையே மின்னெழுத்தில் அளித்தனர். மூலம் கையில் உளதாயின், சொல்லடைவு சமைத்தல் கணினிக்கு ஒரு நொடி வேலை என எண்ணலாகும். அஃது அங்ஙனமன்று. ஆங்கிலத்தில் இரு சொற்களுக்கிடையே வெற்றிடம் உண்டு. தமிழ்ச் செய்யுளிலோ சொற்கள் புணர்ந்து நிற்கும். அச்சில் உள்ள வெற்றிடம் சீரின் எல்லையைக் காட்டுமேயன்றிச் சொல்லின் எல்லையைக் காட்டாது.

எம் வகுப்பினர் 'அறன் வலியுறுத்தல்' என்னும் நான்காம் அதிகாரத்தை எடுத்து இதனைச் சோதித்தோம். அதன் பத்துக் குறள்களுள் ஒன்பதில் அறம் பேசப்படுகின்றது. ஆயினும் 'அறம்' என்பதைத் தனிச்சொல்லாகக் கொண்டு, சீர் பிரித்து அச்சிட்ட மூலத்தில் தேடுமாறு கணினியை ஏவின், அஃது ஒன்றையேனும் காணாது. 'அறத்தினூஉங்கு', 'அறவினை', 'அறத்தாறு', 'அறத்தான்', 'அறனே' என்றும், மெல்லெழுத்துத் திரிந்து 'அறஞ்' என்றும், முன்னுள்ள சொல்லோடு புணர்ந்து 'தறம்' என்றும் அச்சொல் பலவாறாக உருமாறி நிற்கின்றது. எஞ்சிய ஒரு குறளிலோ 'நன்று' என்னும் வேறொரு சொல்லே அக்கருத்தைச் சுமக்கின்றது. அறத்தை வலியுறுத்தும் அதிகாரத்தில் அறத்தைக் காணாத கருவியைக் கொண்டு யாது பயன் என வினவலாம். அதுவே பெரும்பயன் என்போம். கணினிக்குப் புலப்படுமாறு மூலத்தைப் பிரித்துக் கொடுப்பவன் மாணாக்கனே. அவ்வாறு பிரிக்கும் பொருட்டு ஒவ்வொரு சீரிலும் அவன் நின்று, நன்னூற் புணர்ச்சி விதியை நினைந்து, உரையாசிரியரை வினவி, இது பெயரோ வினையோ உருபோ என்று துணிதல் வேண்டும். தேர்வின்பொருட்டு ஓடிப் படித்தவன் இங்கே நடக்கக் கற்கின்றான்.

'கண்' என்னும் சொல்லை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கண்விதுப்பழிதல் என்னும் அதிகாரத்தில் அது காதலனைக் காண விழைந்து கலங்கும் விழி. கண்ணோட்டம் என்னும் அதிகாரத்திலோ அவ்விழியே இரக்கத்திற்கு இருப்பிடமாகின்றது. 'இடுக்கண்' என்பதில் துன்பத்தையும், 'வன்கண்' என்பதில் மனத்திண்மையையும் உணர்த்தும் சொற்களுக்கு அஃது உறுப்பாய் நிற்கின்றது. வேறு பலவிடங்களிலோ அது விழியே அன்று. ஏழாம் வேற்றுமை உருபு. வல்லெழுத்தின்முன் 'கட்' எனத் திரியின் கணினி அதனை முற்றும் இழந்துவிடும். இவற்றை வேறுபிரித்துக் குறியிடும் மாணாக்கன் முப்பத்துநான்காம் குறளை அடையும்போது 'மனத்துக்கண்' என்னும் சீரில் நின்றுவிடுகின்றான். மனத்தின்கண் குற்றமற்றிருத்தலே அறம் முழுவதும் ஆம், ஏனையவை வெறும் ஆரவாரம் என்பது அக்குறளின் பொருள். புறத்தே நிகழும் செயலினின்றும் அறத்தை உள்ளத்திற்கு ஏற்றுவது 'கண்' என்னும் அவ்வுருபே. பூசா இலத்தீனில் ஒரு சிற்றிடைச்சொல்லைப் பற்றிச் சென்று கண்டதை, நாம் தமிழில் ஓர் உருபைப் பற்றிச் சென்று காண்கின்றோம். சுருக்க உரையில் இவ்வுருபு முதலில் உதிர்ந்துபோம்; சொல்லடைவு செய்வோனிடமோ அது தப்பாது.

இனி, எண்ணிக்கையே பொருளாகாது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். குறட்பாக்களுள் 'கடவுள்' என்னும் சொல் யாண்டும் இல்லை. அது முதலதிகாரத்தின் தலைப்பில் மட்டுமே உளது. அது கொண்டு வள்ளுவர் கடவுளைப் பாடிற்றிலர் என முடிவு செய்வான் அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களையும் படியாதவன் ஆவன். கணினி எண்ணிக் காட்டும் தொகை ஆராய்ச்சிக்கு வாயிலேயன்றி முடிவன்று.

வேறு சில முயற்சிகளும் உண்டு. குறளைச் செப்பலோசை கெடாது வாய்விட்டுப் படித்து, ஒலிப்பதிவு செய்து, தாமே மீளக் கேட்டல் அவற்றுள் ஒன்று. பொருள் விளங்காத இடத்தில் குரல் தடுமாறும். அத்தடுமாற்றத்தைக் கருவி மறையாது காட்டும். நிலப்படம் வரைதல் மற்றொன்று. ஆயின் அது புகாரினின்று மதுரைக்கும், மதுரையினின்று வஞ்சிக்கும் கதை செல்லும் சிலப்பதிகாரத்திற்குப் பொருந்துமேயன்றி, ஊர்ப்பெயரைக் கூறாது உலகிற்குப் பொதுவாய் நிற்கும் குறளுக்குப் பொருந்தாது. நூலின் இயல்பறிந்தே கருவியைத் தெரிதல் வேண்டும்.

நூல் முழுமைக்கும் இம்முறையிற் சொல்லடைவு செய்தல் கூடுமோ எனின், கூடும். குறள்கள் 1330, குறள் ஒன்றுக்குச் சீர் ஏழாக மொத்தம் 9310 சீர்கள். பத்தொன்பதின்மர் உள்ள வகுப்பில் ஒருவர்க்கு ஏழு அதிகாரங்கள், அஃதாவது 490 சீர்கள் பங்காகும். நாள்தோறும் ஐந்து சீர்களைப் பிரித்துக் குறியிடின், 98 நாட்களில் வேலை முற்றும். இருவர் ஒரே சீரை வெவ்வேறாகப் பிரிக்கும்போது எழும் வாதம், ஆசிரியர் பன்முறை விரித்துரைத்தும் மனத்திற் பதியாத இலக்கணத்தை ஒரு மாலைப்பொழுதிற் பதிப்பிக்கும் என்பதை யாம் கண்டறிந்தோம்.

ஆகவே கணினி நன்றோ தீதோ என வாதிடுதல் வேண்டா. நமக்காகத் தானே படித்துவிடும் கருவி ஒன்று. நம்மைப் படிக்கச் செய்யும் கருவி மற்றொன்று. ஒரே பொறி, பயன்படுத்துவோன் கருத்துக்கேற்ப, இவ்விரண்டும் ஆகின்றது. முன்னது புலவரை நம்மிடமிருந்து விலக்கும். பின்னது அவர் அருகே நம்மை அமர்த்தும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டவும், கணினித்துறையில் அமர்ந்துள்ள பழைய மாணவர் துணைநிற்கவும், தமிழ் மாணாக்கர் இப்பணியை மேற்கொள்வாராக. வள்ளுவரின் சீர் ஒவ்வொன்றிலும் ஒரு கணமேனும் நின்று போந்தவன், தேர்வு முடிந்தபின்னும் அவரை விட்டு நீங்கான்.