கல்லாவை மறந்த நான்கு நாட்கள்

பருப்பு விலையையும் வரி விவகாரத்தையும் எழுதிவரும் நாம் இம்மாதம் ராட்டினத்தைப் பற்றி எழுதுவதைக் கண்டு நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் மகன், நாமும் துணைவியாரும் அங்கே போயிருந்தபோது, பேரப்பிள்ளைகளோடு எல்லோரையும் புளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போனான். ஒருவருக்கு ஒரு நாள் சீட்டே நூறு டாலருக்கு மேல். ஆறு பேர், நான்கு நாள், தங்கும் அறை, சாப்பாடு. மனக்கணக்குப் போட்டுப் பார்த்தால் அரை லோடு பருப்பின் முதல்! அதிலும் பாதி கிரெடிட் கார்டுக் கடன்.

"பிள்ளைகள் ஆசைக்கு இவ்வளவா தம்பி?" என்று கேட்டோம்.

"பிள்ளைங்களுக்கு வீட்டுப் பக்கத்துப் பார்க்கே போதும்ப்பா. இது எனக்கு" என்றான்.

யோசித்துப் பார்த்தால், அந்தத் தொழிலின் மூலமே அதுதான். வால்ட் டிஸ்னி தம் இரண்டு பெண்களை லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிபித் பூங்காவில் ராட்டினம் சுற்ற விட்டுவிட்டு, வேலையற்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். பெற்றோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அவர் மறைந்த பின் 1971 அக்டோபரில் புளோரிடா.

வியாபாரியின் கண்ணுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு, ஏரியைப் படகிலோ மோனோ ரயிலிலோ கடந்துதான் மேஜிக் கிங்டத்துக்குள் போக வேண்டும். வெளிச் சாலை கண்ணில் படுவதில்லை. முதலில் வருவது கடைத்தெரு. மேல் மாடிகளை அளவில் சிறிதாகக் கட்டிக் கட்டடங்களை உயரமாகக் காட்டியிருக்கிறார்கள். திரும்பும்போதும் அதே கடைத்தெரு வழிதான், கெட்டிக்காரர்கள்! ஒரு மூட்டை இறங்குவதைக்கூட நாம் பார்க்கவில்லை. சரக்கும் ஆட்களும் கீழ்ச் சுரங்க வழியில் போகிறார்களாம். நாம் தரை என்று நடப்பது உண்மையில் மாடி.

பணம் கொடுக்கும் முறையிலும் சூட்சுமம் உண்டு. டிஸ்னிலேண்டில் ஆதியில் நுழைவுக்கு ஒரு சீட்டு, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு சீட்டு. 1982இல் அதை ஒழித்து ஒரே சீட்டாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பையைத் தொட்டால்தானே செலவு உறுத்தும்? முன்னமே மொத்தமாகக் கட்டிவிட்டவன் மனம், 'இவ்வளவு கொடுத்தாயிற்று, இனிக் கவலைப்பட்டால் அதுதான் நஷ்டம்' என்று கணக்குப் போடுகிறது. வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் ஒழுகும் குழாய், கட்ட வேண்டிய பில், பிள்ளையின் வீட்டுப்பாடம். இங்கே அவை எட்டாது. விலை அதிகமாக இருப்பதே பெற்றோருக்கு விடுமுறை எடுக்க ஓர் அனுமதி போல் ஆகிவிடுகிறது.

குறையும் உண்டு. வெயிலில் ஒரு மணி நேர வரிசை; நம்மூர் ரேஷன் கடை தோற்றது. வரிசையைச் சுருக்க முன்பதிவு என்று மகன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஆனால் அலுவலக அழைப்பு ஒன்றையும் அவன் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை அவன் முகத்தில் இருந்த தெளிவை, பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பின் நாம் பார்த்ததில்லை. கடன் வாங்கிப் போனதை மட்டும் நாம் ஒப்பவில்லை, அவனிடமே சொன்னோம். "தெரியும்ப்பா, ஆறு மாசத்துல அடைச்சிடுவேன்" என்றான்.

கடைசி நாள், 1917இல் செய்த பழைய குதிரை ராட்டினம் ஒன்றில் துணைவியாரைப் பேத்தி ஏற்றிவிட்டாள். சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இறங்கி வந்து, "ஏங்க, நாம கடைசியா எப்போ இப்படி வெளியே போனோம்?" என்றார்.

1991இல் குற்றாலம். போன மறுநாள் காலையே, லாரி வந்துவிட்டது என்று தகவல் வர, மண்டிக்குத் திரும்பிவிட்டோம். மகனுக்கு அப்போது ஐந்து வயது. அருவியில் குளிக்காமல் பஸ் ஏறியது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறதாம்.