சாக்லேட் இருந்தது... ஆனா கடைக்குப் போகலை! ஹெர்ஷே கற்ற ஈஆர்பி பாடம்

கணக்கு, கொள்முதல், கிடங்கு, விற்பனை எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேரில் இணைப்பதுதான் ஈஆர்பி. இது ஏன் பல ஆபீஸ்களில் தலைவலி ஆகிறது?

1999, அமெரிக்கா. சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷே, சுமார் 112 மில்லியன் டாலர் செலவில் எஸ்ஏபி உட்பட 3 நிறுவனங்களின் சாஃப்ட்வேரை ஒரே நேரத்தில் இறக்கியது. 48 மாத வேலையை 30 மாதத்தில் முடிக்க அவசரம். சிஸ்டம் முழுசா ஓடத் தொடங்கியது ஜூலையில். ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரம்.

விளைவு? சரக்கு இருந்தும், சுமார் 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியலை. சீசனுக்காகக் கூடுதல் இடங்களில் அடுக்கிய சரக்கு சிஸ்டத்தில் பதிவாகவே இல்லை. அது எங்கே இருக்குன்னு ஊழியர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது!

அதே ஹெர்ஷே 2002-ல் எஸ்ஏபியின் புது வெர்ஷனுக்கு மாறியபோது, டெஸ்டிங்கில் கவனம் செலுத்தியது. பட்ஜெட்டைவிடக் குறைந்த செலவிலேயே வேலை முடிந்தது.

நம்ம ஆபீஸுக்கு என்ன பாடம்?

* பிசியான சீசனில் சிஸ்டத்தை மாத்தாதீங்க.
* எல்லாத்தையும் ஒரே நாளில் இல்லாம, பகுதி பகுதியா மாறுங்க.
* கிடங்கு ஊழியர், அக்கவுன்டன்ட் எல்லாரையும் டெஸ்டிங்கிலேயே சேருங்க. தன் வேலை எங்கே குறையுதுன்னு பார்த்துட்டா, அவங்களே ஆர்வமா கத்துக்குவாங்க. இல்லன்னா, பழைய எக்செல் ஷீட் ரகசியமா ஓடிட்டே இருக்கும்!